யார் கையையும் எதிர்பார்க்காமல்

நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்களின் சண்டையைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுத்தவள், ஓய்வு பெற்ற மறுவாரமே ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் நிலமும் அதன் நடுவில் இரண்டு அறை வீடும் வாங்கிக்கொண்டு போகிறாள் என்றதும், கூட வேலை பார்த்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஸ்டெனோ அம்மா மேஜையில வச்ச ரோஜாச் செடியே ஒரு வாரம் தாங்கல. இவங்க விவசாயம் பண்ணி, அதையே சாப்பிட்டு உயிர் வாழப் போறாங்களாம்" என்றார் ஒரு குமாஸ்தா.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ரோஜாச் செடி ஐந்தாம் நாளே கருகிப் போனது. ஆனால் அவளுக்கு இது திடீரென்று வந்த ஆசை அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் பெருவெள்ளம் வந்தபோது மூன்றாவது மாடியில் ஒன்பது நாள் தனியாக அகப்பட்டுக்கொண்டவள் அவள். கணவர் காலமாகி வெகு நாளாயிற்று. பிள்ளைகள் இல்லை. ஆறாம் நாள் படகில் வந்தவர்கள் கயிற்றில் ஒரு பையைக் கட்டி மேலே ஏற்றினார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் கையை நீட்டியபோது, படகில் நின்றிருந்த ஒருவர், "அம்மா, ஒரு நிமிஷம் அப்படியே இருங்க" என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் ரொட்டிக்காக நீட்டிய கையை அவள் அப்படியே நீட்டியபடி வைத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நிமிஷம் அவளுக்குள் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு இனி யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். அதன் பிறகு கிடைத்த புத்தகம், பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து நாலு கோப்பு நிறைய வைத்துக்கொண்டாள்.

புது வீட்டுச் சமையலறைச் சுவரில் அவள் முதலில் ஒட்டியது தானே தட்டச்சு செய்த ஒரு தாள். கடையில் வாங்கத் தகுந்தவை: உப்பு, எண்ணெய், தானியம், தீப்பெட்டி. மற்றவை யாவும் ஓராண்டுக்குள் இவ்விடத்திலேயே விளைவிக்கப்படவோ தயாரிக்கப்படவோ வேண்டும். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தாள்.

மண் அந்த உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நட்ட நாற்பது தக்காளி நாற்றில் நத்தைகள் தின்றது போக ஆறு மிஞ்சியது. பீன்ஸ் கொடி இரண்டு முழம் ஏறிவிட்டு மனம் மாறியதுபோல் மஞ்சளாகிப் படுத்தது. ஒன்பது கோழிகளில் மூன்றை நாய் கொண்டுபோனது. பூசணி மட்டும் யாரும் கேட்காமலே குப்பைமேட்டில் முளைத்து, வேலியையும் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் காலை வைத்தது. பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் பழுது பார்ப்பவர். அவர் ஒருநாள் வேலியோரம் வந்து, "மேடம், மண்ணு இறுகிக் கெடக்கு. நம்ம கிட்ட சின்ன டிராக்டர் இருக்கு, ஒரு ஓட்டு ஓட்டிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. நானே பாத்துக்கறேன்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் மண்வெட்டியால் பத்து நாள் கொத்தி, பதினோராம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

அந்த இடுப்பு வலி தீர்வதற்குள்தான் தங்கை வந்து இறங்கினாள். தங்கைக்கு ஐம்பது வயதாகியும் வீட்டில் பெயர் குட்டிதான். இவளுக்குப் பெரியவள் என்று பெயர். குட்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தேழு வருஷம் நர்ஸ். அறுவை நடக்கும்போது கத்தியும் கத்தரியும் கேட்பதற்கு முன்பே டாக்டர் கையில் வைப்பாள் என்று அவளுக்கு அங்கே பேர். இரண்டு பெட்டிகளோடு வந்து வாசலில் நின்று, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றாள்.

"ஒரு மாசத்துக்கு ரெண்டு பெட்டியா?"

"ஒண்ணுல பூரா செருப்புதான்."

பெரியவள் சிரித்துவிட்டாள். ஆனால் பெட்டியைத் திறந்தபோது உள்ளே செருப்பைக் காணோம். கம்பளிப் போர்வையும், சமையல் பாத்திரங்களும், சட்டம் போட்ட அம்மா அப்பா படமும் இருந்தன. வேலையை விட்டுவிட்டேன், ஓய்ந்து போச்சு உடம்பு என்றாள் குட்டி. அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றினாள்.

ஒரு ஆள் கூடியதில் பெரியவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சுத்தமான, பழகிய கை. இனி எல்லாம் மளமளவென்று நடக்கும் என்று நினைத்தாள். நடந்தது வேறு. கூட்டிலிருந்து முட்டை எடுத்து வரச் சொன்னால் இரண்டில் ஒன்று உடைந்து வந்தது. கறுப்பி என்ற ஆட்டிடம் பால் கறக்கச் சொன்னால் பாதிப் பால் தரைக்குப் போயிற்று. கீரை விதையைத் தூவச் சொன்னால் ஒரே இடத்தில் கொட்டி, அங்கே மட்டும் தலைமுடி மாதிரி முளைத்து நின்றது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் கண் தெரியவில்லை என்றாள். ஆனால் எதிர்ச் சாலையில் போகிற பேருந்தின் எண்ணை வாசலிலிருந்தே படித்தாள். தேநீரை அரை டம்ளர் மட்டும் ஊற்றிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். வெயில் நாளிலும் பை வைத்த ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கைகளை அதற்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஒவ்வொன்றையும் பெரியவள் கவனித்தாள். ஆனால் தப்பாகக் கவனித்தாள். ஏசி அறையில் வேலை பார்த்துச் சொகுசு கண்டவள், மண்ணில் கை வைக்க அருவருக்கிறாள் என்றே கணக்குப் போட்டாள்.

ஒருநாள் காலை ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. மருந்தைக் கால்நடை மருத்துவர் ஏற்கனவே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "நீங்களே போட்டுடலாம், வீட்டுலதான் நர்ஸ் இருக்காங்களே" என்றும் சொல்லியிருந்தார். பெரியவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டி மருந்துக் குப்பியைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், பிறகு, "நீயே போட்டுடேன்க்கா" என்றாள்.

"நானா? என் ஜென்மத்துல ஊசி பிடிச்சது கிடையாது."

"ஆட்டுக்கு நான் போட்டதில்ல."

"மனுஷனுக்குப் போட்டிருக்கேல்ல? தோல் தோல்தானே!"

குட்டி இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள். பெரியவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "இருபத்தேழு வருஷம் அங்க என்னதான் கிழிச்சே? முட்டை உடையுது, பால் கொட்டுது, விதை வீணாப் போகுது. சும்மா உக்காந்து சாப்பிடணும்னா சொல்லிடு, நான் ஒருத்தியே பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் யார் கையும் வேண்டாம்!"

குட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். மடிப்பதும் பிரிப்பதுமாக வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். சாயங்காலப் பேருந்துக்கு அவள் கிளம்பவில்லை. இரு என்று பெரியவளும் சொல்லவில்லை. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, "பூசணி நல்லா வெந்திருக்கு" என்றாள் குட்டி. "ம்" என்றாள் பெரியவள். அந்த வீட்டில் சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இது நடந்து மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் பிற்பகல், சினையாக இருந்த புள்ளி என்ற ஆடு கொட்டகையில் காலை உதைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. கோப்பில் படித்திருந்தபடி பெரியவள் வைக்கோலை உலர்த்திப் பரப்பி, வெந்நீர் போட்டு, பழைய துண்டுகளைத் தயாராக வைத்தாள். முக்க ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் ஆட்டுக்குட்டி வந்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. சின்ன மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. கீழே ஒரு குளம்பு மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. புள்ளி கத்துவதை நிறுத்திவிட்டுப் பல்லைக் கடிக்கத் தொடங்கியது.

"குட்டி! குட்டி வருதுடி!" என்று பெரியவள் கத்தினாள்.

வேறு நேரமாயிருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். குட்டி மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்து மண்டியிட்டு ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு கால்தான் தெரியுது. இன்னொண்ணு உள்ள மடங்கிக் கெடக்கு. அதான் தோள் இடிச்சு நிக்குது."

பெரியவள் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். அவர் குரல் மழைச் சத்தத்துக்கு நடுவே விட்டு விட்டுக் கேட்டது. "மேடம், தரைப்பாலத்து மேல தண்ணி போகுது. வண்டி தாண்டாது. நான் சுத்தி வரதுக்குள்ள இருட்டிடும். அது வரைக்கும் தாங்காது. உங்க தங்கச்சி கையை விட்டுக் காலை நேராக்கச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீதான் பண்ணணுமாம்."

குட்டி அசையவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தவதானே நீ? கையை விட்டு எடுடி! செத்துடும் போலிருக்கு!"

"முடியாதுக்கா."

"என்ன முடியாது?"

குட்டி ஸ்வெட்டர் பையிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். அது காற்றில் ஆடுகிற இலைபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்காக இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையும் சேர்ந்து நடுங்கியது.

"எட்டு மாசம் மறைச்சேன்" என்றாள். "எதையாவது நுணுக்கமாப் பிடிக்கப் போனாதான் அதிகமாகுது. ஒருநாள் தியேட்டர்ல டாக்டர் கையில குடுக்கப் போன கிளிப்பு தரையில விழுந்துச்சு. பதினோரு வருஷம் கூட வேலை பார்த்த மனுஷன். திட்டியிருந்தா நின்னு வாங்கியிருப்பேன். ஒண்ணுமே சொல்லாம என் கையை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த நாளே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். இந்தக் கையை உள்ள விட்டா கர்ப்பப்பை கிழிஞ்சுடும்க்கா."

உடைந்த முட்டைகளும் சிந்திய பாலும் அரை டம்ளர் தேநீரும் பெரியவளின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. நீ என்னதான் கிழிச்சே என்று தான் கேட்டது தன் காதிலேயே ஒலித்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. புள்ளி தலையைத் தரையில் போட்டுவிட்டது.

"அப்போ நான் விடறேன்" என்றாள் பெரியவள். "எப்படின்னு சொல்லு."

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் குரலே மாறிவிட்டது. "நகத்தை ஒட்ட வெட்டு. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. எண்ணெயைத் தாராளமாத் தடவிக்கோ. மோதிரத்தைக் கழட்டு."

மோதிரம் வரவில்லை. சோப்பு நுரையில் முறுக்கி இழுத்துக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெரியவள் மண்டியிட்டாள். குட்டி ஆட்டின் கழுத்தை மடியில் போட்டுக்கொண்டு தோளால் அணைத்துப் பிடித்தாள்.

"விரலைக் குவிச்சு உள்ள விடு. மெதுவா. அது முக்கும்போது தள்ளாதே, சும்மா இரு. விட்டதும் தலையைக் கொஞ்சமா உள்ள தள்ளு."

"ஒண்ணுமே தெரியலடி. எல்லாம் வழுக்குது. எது என்னன்னே புரியல."

"கண்ணை எதுக்குத் தொறந்து வச்சிருக்கே? மூடு. டைப் அடிக்கும்போது கீழ பார்த்தா அடிப்பே? விரல்லதானே இருக்கு உனக்குக் கண்ணு?"

பெரியவள் கண்ணை மூடினாள். முப்பத்தொரு வருஷம் எழுத்தைப் பார்க்காமல் அடித்த விரல்கள். மூடியதும் உள்ளே ஒவ்வொன்றாகப் பிரிந்தது. இது தாடை. இது காது. இது கழுத்து. "கழுத்து வழியாக் கீழ இறங்கு" என்றது குட்டியின் குரல். "தோள் வருதா? அங்கேருந்து காலைப் பிடிச்சுக்கிட்டே போ. முட்டி வரும்."

"வந்துடுச்சு. மடங்கியிருக்கு."

"இப்போதான் முக்கியம். குளம்பைத் தேடிப் பிடி. அதை உள்ளங்கையில மூடிக்கோ, எங்கயும் கீறக் கூடாது. மூடிக்கிட்டே முன்னால கொண்டா."

கை மரத்துப் போயிற்று. ஆடு முக்கும்போதெல்லாம் மணிக்கட்டு முறிவதுபோல் நசுங்கியது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பேய்மழையை மறந்து, தன் பேரையே மறந்து, அந்தச் சின்னக் குளம்பை உள்ளங்கைக்குள் பொத்தி ஒரு அங்குலம், இன்னும் ஒரு அங்குலம் என்று கொண்டுவந்தாள். சட்டென்று எதுவோ நழுவி நேரானது.

"ரெண்டு காலும் வந்துடுச்சு!"

"அடுத்த முக்கலுக்கு இழு. கீழ்ப்பக்கமா. பயப்படாதே, இழு!"

வழுவழுவென்று சூடாக ஒரு உருவம் அவள் மடியில் வந்து விழுந்தது. குட்டி வைக்கோலைப் பிடித்து அதன் உடம்பைத் தேய்தேய் என்று தேய்த்தாள். தேய்ப்பதற்குக் கை நடுங்கினால் என்ன, நடுங்காவிட்டால் என்ன? அது தும்மி, தலையை ஆட்டி, மெல்லிய குரலில் ஒரு புகார் வைத்தது.

இரண்டாவது தானாகவே வந்தது. ஆனால் மூச்சில்லாமல் வந்தது. குட்டி அதன் வாயைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்து வீசி, ஊதி, தேய்த்து, கால் மணி நேரத்துக்கு மேல் விடவில்லை. கடைசியில் பெரியவள்தான், "போதும்டி" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் அந்தக் கை அவள் பிடிக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. பெரியவள் அதை விடவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீதான் எல்லாத்தையும் இங்கேயே விளைவிக்கணும்னு தாள் ஒட்டி வச்சிருந்தே, யார் கையும் வேண்டாம்னும் சொன்னியே. உதவாத கையைக் கொண்டுவந்திருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

கோர்ட்டில் எத்தனையோ பேர் மன்னிப்புக் கேட்டதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறாள் பெரியவள். அதில் ஒரு வரிகூட இப்போது உதவிக்கு வரவில்லை. "எழுந்திரு, நனைஞ்சுட்டே. தேநீர் போடறேன்" என்றாள். போட்டு, அரை டம்ளர் ஊற்றி, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டி குடித்து முடித்ததும் மீதி அரை டம்ளரை ஊற்றினாள். சுவரில் இருந்த தாளை அவள் கிழிக்கவில்லை. ஆனால் மறுநாள் அதன் அடியில் 'இருவராலும்' என்று ஒரு சொல்லைப் பேனாவால் சேர்த்தாள். தட்டச்சு செய்ததைக் கையால் திருத்துவது அவள் வாழ்க்கையிலேயே முதல் முறை.

அதன் பிறகு வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். விரல் வேலையெல்லாம் பெரியவளுக்கு. தோள் வேலையெல்லாம் குட்டிக்கு. பார்த்தால் குட்டிக்குத்தான் உடம்பில் தெம்பு அதிகம். நோயாளிகளைத் தூக்கிப் படுக்கை மாற்றியவள் அல்லவா? வேலிக்கம்பம் நட்டாள், எருக்குவியலைப் புரட்டினாள், விறகு பிளந்தாள். கீரை விதையை ஒரு படி மணலோடு கலந்து, நடுங்கும் கையாலேயே வீசினாள். விதை சீராக விழுந்தது. முட்டைக்குக் கூடையில் வைக்கோல் போட்டுக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வாயால் செய்கிற வேலையும் குட்டிக்குத்தான். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் பேசி, யாரிடம் எந்த விதை இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

மழை ஓய்ந்ததும் பெரியவள் நகரத்து நரம்பு மருத்துவரிடம் நாள் கேட்டு வாங்கினாள். குட்டி வர மறுத்தாள். "எனக்குத் தெரியாத டாக்டரா? பெரிய வியாதின்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். சொன்னா என்ன, எனக்கும் சேர்த்துத்தானே சொல்லப் போறார்?"

போய் வர ஒரு முழு நாள் ஆகும். கறுப்பியையும் புள்ளியையும் யார் பார்ப்பது? பெரியவள் ஒரு பூசணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரர் வாசலில் போய் நின்றாள். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினாள். "ஒரு உதவி வேணும்" என்ற மூன்று சொல்லைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

"இதுக்கா மேடம் இவ்வளவு யோசிச்சீங்க? தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார் அவர். பூசணியைப் பார்த்துவிட்டு, "இது எங்க பக்கம் காய்ச்சதுதானே?" என்றும் கேட்டார்.

மருத்துவமனையில் பதிவு மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நிரந்தர முகவரி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பெரியவள் தங்கையின் பழைய வாடகை வீட்டு முகவரியைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குட்டி, நிலத்தின் சர்வே எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். தெருப் பெயர் இல்லையா என்றதற்கு, "தெருவே இல்லம்மா" என்றாள்.

"தொழில்?"

குட்டி ஒரு கணம் யோசித்தாள். "ஆடு, கோழி" என்றாள். "எழுதிக்கோம்மா, வெக்கப்பட ஒண்ணுமில்ல."

மருத்துவர் கையை நீட்டச் சொன்னார், சுழல் வட்டம் வரையச் சொன்னார், ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பா சவரம் செய்யும்போது தினமும் தாடையைக் கீறிக்கொண்டது அக்கா தங்கை இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. பயந்த வியாதி இல்லை, குடும்பத்தில் வருகிற நடுக்கம்தான் என்றார் அவர். முழுக்கப் போகாது, மாத்திரையில் ஓரளவு குறையும், உயிருக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் குட்டி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவள் பையைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

திரும்பும் பேருந்தில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. நகரம் தாண்டியதும் குட்டி சொன்னாள்: "அக்கா, தேனீ வளர்க்கலாமா?"

"என்னது?"

"தேனீ. நாலு பெட்டி வச்சா போதுமாம். சர்க்கரை வாங்க வேண்டியதில்ல."

"கையே நிக்காம ஆடுது உனக்கு. தேனீக் கூட்டைப் போய் ஆட்டி வைக்கப் போறியா? ஊரே ஓடும்."

"கூட்டைத் தொறக்கறது நீ. நான் புகை போடுவேன். புகைக்கு நடுங்கினா நல்லதுதான், பரவலாப் போகும்."

"கொட்டுச்சுன்னா?"

"நான்தான் நர்ஸாச்சே!"

"ஊசி போடச் சொன்னா ஓடினவ!"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை. பெட்டியை நிழலில் வைப்பதா வெயிலில் வைப்பதா என்று, இன்னும் வாங்காத தேனீக்களுக்காகச் சண்டை முற்றியது. நடத்துநர் வந்து, "அம்மா, நீங்க இறங்க வேண்டிய இடம் போயிடுச்சே" என்று சொன்னபோதுதான் இருவரும் வெளியே பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு, சாலையோரமாகத் திரும்பி நடந்தார்கள்.

"வெயில்லதான் வைக்கணும்" என்றாள் குட்டி.

"காலை வெயில்ல" என்றாள் பெரியவள்.